வேலிக்குள் "டக்" என்றது எது? அணிலையும் நாணல் கதிர்க்குருவியையும் ஒப்பிடும் முறை

அணில் என்பதும் நாணல் கதிர்க்குருவி என்பதும் பல இனங்களுக்குப் பொதுவான பெயர்கள். எந்த இனம் என்று முதலிலேயே தீர்மானிக்காவிட்டால் குறிப்பேட்டில் நாலைந்து உயிர்களின் தகவல் கலந்துவிடும். யாழ்ப்பாணத்து வளவுகளுக்குப் பொருந்தும் சோடி, முதுகில் மூன்று வெண்கோடுள்ள பனை அணிலும் பனிக்காலத்தில் வரும் பிளித் நாணல் கதிர்க்குருவியும். 1849 இல் எட்வர்ட் பிளித் விவரித்ததால் குருவிக்கு அந்தப் பெயர். பெயரை நம்பிச் சம்புப் பற்றைக்குள் தேடவேண்டாம். அங்கே உரத்துக் கத்துவது அதைவிடப் பெரிய வேறோர் இனம். பிளித் குருவி கிளுவை வேலியிலும் தேசி மரத்திலும்தான் இரை பொறுக்கும்.

ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை, காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில், வேலிக்கு ஐந்தாறு மீற்றர் தள்ளி 20 நிமிடம் அசையாமல் நில்லுங்கள். 8 மடங்குத் தொலைநோக்கி போதும்.

முதலில் காதுக்கு வேலை. அணில் "சிப், சிப், சிப்" என்று நிறுத்தாமல் அடுக்கும், ஒவ்வொரு ஒலிக்கும் வாலை வெட்டும். பூனையைக் கண்டால் நிமிடக்கணக்கில் கத்தும். குருவியின் ஒலி இரண்டு கூழாங்கற்களை மோதியதுபோல் ஒற்றை "டக்". சற்று இடைவெளி, பிறகு வேலியின் வேறோர் இடத்திலிருந்து இன்னொன்று. குருவி வெளியே வரும்வரை பொறுத்திருங்கள். மங்கிய ஒலிவ்-பழுப்பு நிறம், சிறகில் பட்டை இல்லை. உச்சந்தலை செம்மையாய், முதுகு பச்சையாய், வால் செங்குத்தாய் நின்றால் அது தையற்சிட்டு. இந்த இடத்தில்தான் பலர் பிழை விடுகிறார்கள்.

பிறகு பக்கத்தை இரண்டாகப் பிரித்து, ஒரே கேள்வியை இருவரிடமும் கேளுங்கள். எடை: அணில் சுமார் 100 கிராம், குருவி 10 முதல் 12 கிராம். வாய்: அணிலின் வெட்டுப்பற்கள் ஆயுள் முழுக்க வளர்வதால் கொறித்துக்கொண்டே இருக்கவேண்டும், குருவியின் மெல்லிய அலகு இலையடிப் பூச்சியையும் சிலந்தியையும் பொறுக்கத்தான்.

இனப்பெருக்கத்தை இன்னும் கவனமாக எழுதவேண்டும். அணில் இங்கேயே தும்பும் புல்லும் சேர்த்துக் கூடு கட்டி, சுமார் 34 நாள் சுமந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டி ஈனும். குருவி முட்டையிடுவது பின்லாந்து, ரஷ்யா, மத்திய ஆசியப் பக்கங்களில். 4 முதல் 6 முட்டை. எனவே நம் வேலியில் காணும் எந்தக் கூட்டையும் அதன் பெயரில் எழுதாதீர்கள். இலையைத் தைத்த கூடு தையற்சிட்டினுடையது. அணில் பறவை முட்டையைத் தின்னும் என்பது உண்மைதான். இந்தக் குருவிக்கு இங்கே முட்டையே இல்லாததால் அணிலை அதன் "எதிரி" என்ற வரிசையில் போடமுடியாது.

"டக்" கடைசியாகக் கேட்ட தேதியையும், மழைக்கு முன்னர் மீண்டும் கேட்ட தேதியையும் எழுதிவையுங்கள். அணிலின் பக்கத்தில் அந்த இரண்டு கட்டமும் வெறுமையாகவே கிடக்கும்.