ஜூஜூவாடியைத் தாண்டாத பணம்: நிதி கேட்கும் தொண்டு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துச் சிறு தொண்டு நிறுவனங்கள் தனியார் அறக்கட்டளைகளுக்கு அனுப்பும் விண்ணப்பம் திரும்பி வந்தால், வேலை சரியில்லை என்பது பெரும்பாலும் காரணமாக இருக்காது. கொடுப்பவரின் கை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்காமலே நாம் எழுதியிருப்போம். அவருக்கும் டீட் (அறக்கட்டளையின் விதிகளை எழுதிவைத்த பத்திரம்) உண்டு, ஆடிட்டர் உண்டு, வருமான வரித்துறை உண்டு.

முதல் கட்டு, மாநில எல்லை. தமிழ்நாட்டுக்குள் மட்டும்தான் கொடுப்போம் என்று டிரஸ்ட் டீடிலேயே எழுதிவைத்திருக்கும் அறக்கட்டளைகள் உண்டு. இன்றைய அறங்காவலர்கள் மனமிரங்கினாலும் அதை மீற முடியாது. மதுரைக்காரருக்கு இது படித்துவிட்டுப் போகிற ஒரு வரி. நமக்கு அப்படி இல்லை. ஓசூரை அடுத்த ஜூஜூவாடி செக்போஸ்ட்டைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். இந்தப் பக்கம் குப்பம் போனால் ஆந்திரம். அஞ்செட்டி, தளி, தேன்கனிக்கோட்டை ஊர்களிலிருந்து கூலி வேலைக்குப் பெங்களூரு போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு திட்டம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ஊரில் இருக்கும் மாதங்களில் மாலை வகுப்பு; பெங்களூரில் இருக்கும் மாதங்களில் கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே ஒரு ஷெட்டில் வகுப்பு. நல்ல யோசனைதான். ஆனால் ஷெட் வாடகையும் அங்கே பாடம் எடுப்பவரின் சம்பளமும் கர்நாடகத்தில் நடக்கும் செலவு. வருடக் கடைசியில் பில்லைப் புரட்டும்போது அறக்கட்டளையின் ஆடிட்டர் அந்த இரண்டையும் அடித்துவிடுவார். பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னாலும் சொல்வார்கள்.

எழுத உட்காரும் முன்பே போன் போட்டு ஒன்று கேட்டுவிடுங்கள்: உங்கள் டீடில் இருப்பது ‘தமிழ்நாட்டைச் சேர்ந்த பயனாளிகள்’ என்றா, ‘தமிழ்நாட்டுக்குள் நடக்கும் பணி’ என்றா? முதலாவது என்றால் பேசிப் பார்க்க வழி இருக்கிறது. இரண்டாவது என்றால், பெற்றோர் வெளியூரில் இருக்கும் மாதங்களில் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க ஒரு தங்குமிடம் என்று திட்டத்தை மாற்றலாம், அல்லது பெங்களூருப் பகுதிக்கு வேறொருவரிடம் கேட்கலாம். அந்த வாடகையை ‘ஓசூர் அலுவலகச் செலவு’ என்று போட்டு ஒப்பேற்றப் பார்க்காதீர்கள். மாட்டினால் அடுத்த முறை உங்கள் கவரைப் பிரிக்கக்கூட மாட்டார்கள்.

அடுத்தது, பழைய விண்ணப்பத்தை எடுத்துத் தேதியை மட்டும் மாற்றுவது. தருமபுரி என்றாலே முதல் பத்தியில் ஃப்ளோரைடு வந்துவிடுகிறது. பிரச்சினை உண்மைதான், லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃப்ளோரைடைத் தாண்டிய போர்வெல் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களின் பல்லில் இன்றும் பழுப்புக் கறையைப் பார்க்கலாம். ஆனால் ஜப்பானின் ஜைக்கா கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இலேயே செயல்பாட்டுக்கு வந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் ஆர்.ஓ. இயந்திரம் கேட்டால், படிப்பவர் என்ன நினைப்பார்?

நீங்கள் சொல்லும் குக்கிராமத்துக்கு ஒகேனக்கல் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது, வராத நாளில் எந்த போரில் பிடிக்கிறார்கள், அதைப் பரிசோதித்த அறிக்கை எங்கே? இந்த மூன்றும் இருந்தால் அரைப்பக்கம் போதும். ஆர்.ஓ.தான் தீர்வு என்றால் கரண்ட் பில் யார் கட்டுவார்கள், மெம்பிரேன் மாற்றும் பணம் எங்கிருந்து வரும், வெளியேறும் கழிவுநீர் எங்கே போகும் என்பதையும் எழுதுங்கள். சர்வே எடுத்தவிதத்தையும் சொல்லிவிடுங்கள். தளிப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசும் வீடுகளுக்குத் தமிழில் மட்டும் அச்சடித்த தாளோடு போயிருந்தால், அந்த எண்ணிக்கையை நானே நம்ப மாட்டேன்.

ஓசூரில் டி.வி.எஸ்., டைட்டன், அசோக் லேலண்ட் எல்லாம் இருப்பதால் எல்லாப் பணத்தையும் சி.எஸ்.ஆர். என்றே நினைத்துவிடுகிறோம். சி.எஸ்.ஆர்., அதாவது கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டிய பணம், கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வருவது. அதற்குள் வரும் கம்பெனி, முந்தைய 3 ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2% செலவு செய்தாக வேண்டும், ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும். அந்தப் பணத்தை வாங்கி வேலை செய்ய உங்களிடம் சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண் இருக்க வேண்டும். ஒரு குடும்பம் தன் சொந்தப் பணத்தில் நடத்தும் அறக்கட்டளைக்கு இந்தக் கட்டாயம் எதுவும் கிடையாது. அவர்களிடம் போய் ‘உங்கள் சி.எஸ்.ஆர். கடமை’ என்று எழுதினால் அந்த வரியோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், நிர்வாகச் செலவு. ‘5 சதவீதத்துக்கு மேல் கூடாதாம்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டுக் கணக்காளர் சம்பளத்தைப் பயிற்சிச் செலவிலும் வண்டி பெட்ரோலை விழாச் செலவிலும் ஒளித்துவைக்கிறார்கள். அந்த 5% வரம்பு, கம்பெனி தன்னுடைய பொது நிர்வாகத்துக்குச் செய்யும் செலவுக்கானது. திட்டத்தை நேரடியாக நடத்தும் ஆசிரியர், நர்ஸ், களப்பணியாளர் சம்பளம் அதில் வராது. குடும்ப அறக்கட்டளைகள் அவரவர் வரம்பை வைத்திருக்கும், கேட்டால் சொல்வார்கள். சித்தேரி மலைக்கு ஜீப் ஏற டீசல் ஆகும் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமா? உள்ளதை உள்ளபடி போடுங்கள்.

மூலதன நிதி, அதாவது கார்ப்பஸ், கேட்பதும் வீண். ஓர் அறக்கட்டளை தன் வருமானத்திலிருந்து இன்னோர் அறக்கட்டளைக்கு கார்ப்பஸாகக் கொடுத்தால் அது வருமான வரிக் கணக்கில் அறச்செலவாக ஏற்கப்படுவதில்லை. சாதாரண நன்கொடையே 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு 100 ரூபாய்க்கு 85 ரூபாய் என்றுதான் கொடுப்பவர் கணக்கில் அறச்செலவாகச் சேர்கிறது.

1998-இல் வருமான வரி விலக்குக்காக வாங்கிய 12ஏ சான்றிதழை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். 2021-க்குப் பிறகு பழைய நிறுவனங்களும் மறுபதிவு செய்ய வேண்டியிருந்தது, அதுவும் அப்போது பொதுவாக 5 ஆண்டுக்குத்தான். அப்புறம், ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். பந்தல்காரர் எவ்வளவு கோபித்தாலும் சரி, வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

கொடுப்பவர்களிடமும் சொல்ல ஒன்று இருக்கிறது. பிப்ரவரி கடைசியில் செக்கை அனுப்பிவிட்டு மார்ச் 31-க்குள் செலவுச் சான்றிதழ் கேட்காதீர்கள். ஒரு மாதத்தில் லட்சக்கணக்கில் செலவழிக்கச் சொன்னால் பேனரும் பிரியாணியும்தான் மிஞ்சும். கள ஆய்வுக்கு வரும் தேதியையும் ஊரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். மாம்பழ சீசனில், கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா மாங்காய் வண்டி வண்டியாகப் போகும் நாட்களில், கிருஷ்ணகிரிப் பக்கம் சுயஉதவிக் குழுக் கூட்டம் என்று காலை 11 மணிக்கு வந்து உட்கார்ந்தால் எதிரே பாதி நாற்காலி காலியாகத்தான் கிடக்கும். பெண்கள் எல்லாம் வேலைக்குப் போயிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு ‘மக்கள் பங்கேற்பு குறைவு’ என்று குறிப்பு எழுதிப் போகாமல், சாயங்காலம் 7 மணிக்கு வாருங்கள்.