லிம்போசைட் பக்கத்தில் 'எச்' போட்டிருக்கிறதா? வெள்ளை அணு ரிப்போர்ட்டைப் படிக்கும் முறை

போன மழைக்காலத்தில் என் மனைவிக்கு மூன்று நாள் காய்ச்சல். ரத்த ரிப்போர்ட் இரவு ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. வெள்ளை அணுக்களில் ஒரு வகையான லிம்போசைட் 58 சதவீதம், பக்கத்தில் கொட்டை எழுத்தில் 'எச்', அதாவது ஹை, வரம்பைவிட அதிகம். கூகுளில் தட்டினேன், எடுத்த எடுப்பிலேயே ரத்தப் புற்றுநோய். அன்று தூக்கம் போச்சு. காலையில் டாக்டர் அந்த 'எச்' எழுத்தைச் சட்டையே செய்யவில்லை. வேறொரு எண்ணைத்தான் பேனாவால் வட்டமிட்டார்.

சரி, ரிப்போர்ட்டைக் கையில் எடுங்கள்.

1. முதலில் வெள்ளை அணுக்களின் மொத்த எண்ணிக்கை. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறக்குறைய 4,000 முதல் 11,000 வரை. லேபுக்கு லேப் கொஞ்சம் மாறும், அதனால் உங்கள் தாளில் அச்சிட்டிருக்கும் வரம்பையே பாருங்கள். (டாக்டர் சொல்லும் 'டிசி, டிசி'யில் ஒன்று டோட்டல், மற்றது டிஃபரன்ஷியல். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது!)

2. அடுத்து டிஃபரன்ஷியல். ஐந்து வகை அணுக்கள், கூட்டினால் 100. பாக்டீரியா தொற்றில் பெரும்பாலும் நியூட்ரோஃபில் ஏறும், வைரஸில் லிம்போசைட், ஒவ்வாமையிலும் குடற்புழுவிலும் இயோசினோஃபில். மோனோசைட்டையும் பேசோஃபிலையும் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

3. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். சதவீதம் என்பது பங்கு மட்டுமே. ஒருவன் பங்கு குறைந்தால், மற்றவன் பங்கு தானாகவே பெரிதாகத் தெரியும். மொத்தத்தைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால்தான் உண்மையான எண்ணிக்கை வரும்.

என் மனைவிக்கு மொத்தம் 3,200.
லிம்போசைட்: 3,200 × 58 ÷ 100 = 1,856. பெரியவர்களுக்கு 1,000 முதல் 4,000 வரை இருக்கலாம் என்பதால் இது சாதாரணம்.
நியூட்ரோஃபில்: 3,200 × 34 ÷ 100 = 1,088. 1,500-க்குக் கீழே போனால் குறைவு.

ஆக லிம்போசைட் ஏறவே இல்லை, நியூட்ரோஃபில்தான் இறங்கியிருக்கிறது. டாக்டர் வட்டமிட்டதும் அதைத்தான். வைரஸ் காய்ச்சலில் இப்படி ஆவது சகஜம். டெங்குவிலும் ஆகும் என்பதால் பிளேட்லெட்டையும் பார்த்துவிட்டு, மறுநாளும் ரத்தம் எடுக்கச் சொன்னார். பத்து நாள் கழித்து மொத்தம் 5,900.

இதற்கென்று இருக்கும் செயலிகள் எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. ஃபோன் கால்குலேட்டரும் ஒரு நாற்பது பக்க நோட்டும் போதும். தேதி போட்டு எழுதி வையுங்கள், முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். இன்னொன்று: பல ரிப்போர்ட்டுகளில் இரண்டாம் பக்கத்தில் 'ஆப்சல்யூட்' என்று இந்தக் கணக்கைப் போட்டே கொடுத்திருப்பார்கள். நான் இரண்டாம் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருந்து காய்ச்சலும் அடித்தால், அதுவும் கீமோ எடுப்பவராக இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பின்சேர்க்கை: '3.2 என்றுதான் இருக்கிறது, இவ்வளவு குறைவா?' என்று ஒருவர் பதறிக் கேட்டிருந்தார். அலகைப் பாருங்கள், அது ஆயிரக் கணக்கு, 3,200-தான். இரண்டு வயதுக் குழந்தைக்கு லிம்போசைட் 60 என்று இன்னொருவர். அந்த வயதில் லிம்போசைட்தான் அதிகம் இருக்கும், பெரியவர்களின் வரம்போடு ஒப்பிடாதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் தொற்று இல்லாமலே நியூட்ரோஃபில் ஏறும், அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ரிப்போர்ட்டில் 'பிளாஸ்ட்' (முதிராத ரத்த அணு) என்ற சொல் இருந்தால் மட்டும் கால்குலேட்டரைக் கீழே வைத்துவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.