ஓடாத காருக்கும் வயது ஏறுகிறது: ஐரோப்பியக் கார் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக்கூட இறங்கியிருக்கமாட்டோம். பிரேக் மிதி திடீரென்று பஞ்சுபோலக் காலுக்குக் கீழே அமிழ்ந்தது. பின் இருக்கையில் அம்மாவும் இரண்டு குழந்தைகளும் இருந்தார்கள். மிதியை விட்டுவிட்டு அழுத்தி, கியரை முதலாவதுக்குக் கொண்டுவந்து, வண்டியை மலைச்சுவரை ஒட்டி நிறுத்தினேன். சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வீசியது. முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு மிதி மறுபடியும் கெட்டியானது. நடைவேகத்தில் இறங்கி அடிவாரம் வந்துசேர்ந்தோம்.

மறுநாள் நாமக்கல்லில் ஒரு மெக்கானிக் பிரேக் ஆயில் தொட்டியைத் திறந்தார். ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சி வெள்ளைத் துணியில் விட்டுக் காட்டினார். புதிய ஆயில் இளந்தேன் நிறத்தில் இருக்கும். துணியில் பரவியதோ கடுங்காப்பி நிறம். ஏழு வயதான அந்த ஜெர்மன் காரை நான் வாங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. 34,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்பதைப் பார்த்தே வாங்கினேன். “ஏழு வருஷமாக இதை யாரும் மாற்றவே இல்லை, சார்” என்றார் அவர்.

ஐரோப்பியக் கார் வைத்திருப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான்: ஓடோமீட்டரை மட்டும் பார்ப்பது. ஃபோக்ஸ்வாகனும் ஸ்கோடாவும் இந்தியாவில் சர்வீஸுக்குச் சொல்லும் கணக்கு 15,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அது. நாம் முதல் எண்ணோடு படிப்பதை நிறுத்திவிடுகிறோம். பிரேக் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது. அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் திரவம். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையிலாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால், தரவிதி கேட்கும் குறைந்தபட்சத் தாங்குதிறனே 155 டிகிரிதான். மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த எல்லையைத் தொட்டால் ஆயிலுக்குள் ஆவிக்குமிழ்கள் உண்டாகின்றன. திரவம் அழுத்தத்தைக் கடத்தும், ஆவி அமுங்கிவிடும். கால் உள்ளே போகிறது, வண்டி நிற்பதில்லை. வீட்டு நிழலில் நிறுத்தியே வைத்திருந்தாலும் பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை இதை மாற்றியாக வேண்டும். கடலோர ஊர்க்காரர்கள் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கும், வாரம் ஒருமுறை கோயிலுக்கு மட்டும் எடுப்பவர்களுக்கும் இதைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். உங்கள் கார் ஓய்வெடுப்பதில்லை. பேட்டரி இறங்குகிறது, ரப்பர் இறுகுகிறது, என்ஜின் ஆயிலில் ஈரம் சேர்கிறது.

என்ஜின் ஆயிலுக்கு வருவோம். டப்பாவில் 5டபிள்யூ-30 என்று இருந்தால் போதும் என்று நினைப்பது அடுத்த தவறு. அது ஆயிலின் கெட்டித்தன்மையை மட்டுமே சொல்கிறது. ஐரோப்பிய நிறுவனங்கள் தங்களுக்கென்று தனித் தரக்குறியீடு வைத்திருக்கின்றன: ஃபோக்ஸ்வாகன் 504 00 / 507 00, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, மெர்சிடிஸ் பென்ஸ் 229.51, 229.52 என்று. கார் கையேட்டில் இருக்கும் அதே எண் டப்பாவின் பின்புறத்தில் இருக்க வேண்டும். புகைவடிகட்டி உள்ள டீசல் கார்களில் இது இன்னும் முக்கியம். வடிகட்டியில் சேரும் கரி, வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது சுமார் 600 டிகிரி வெப்பத்தில் எரிந்துவிடும். தவறான ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, அங்கேயே தங்கி வழியை அடைக்கும். ஆயிலில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்காக வடிகட்டியையே மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சத்தைத் தொடலாம்.

ஜெர்மனியில் 30,000 கிலோமீட்டர் அல்லது 2 ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் திட்டம் உண்டு. அங்கிருக்கும் உறவினர் சொன்னார் என்று அதை இங்கே பின்பற்றாதீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓடினால் என்ஜின் சுமார் 167 மணி நேரம் இயங்கும். சென்னை நெரிசலில் சராசரி 15 கிலோமீட்டர் என்றால் அதே தூரத்துக்கு 667 மணி நேரம். ஓடோமீட்டரில் எண் ஒன்றுதான், உழைப்போ நான்கு மடங்கு. நகருக்குள்ளேயே ஓடும் வண்டிக்கு நான் 7,500 முதல் 10,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றிவிடுகிறேன். கையேடு கேட்பதைவிட இது முன்னதாகத்தான். என் பார்வையில் வீண்செலவு அல்ல.

என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். குறைந்திருக்கிறது என்று பெட்ரோல் பங்க்கில் கிடைத்த பச்சைத் திரவத்தையோ போர்வெல் தண்ணீரையோ ஊற்றாதீர்கள். வேதிக்கலவை பொருந்தாத கூலன்ட்டுகள் சேர்ந்தால் சேறுபோலத் திரளக்கூடும். உப்புத் தண்ணீர் உள்ளே படிவுகளை உண்டாக்கும். அதைவிட முக்கியம், அது ஏன் குறைந்தது என்று பார்ப்பது. பல ஐரோப்பியக் கார்களில், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கூடும் கூலன்ட் தொட்டியும் பிளாஸ்டிக். பல ஆண்டு வெப்பத்தில் அவை அப்பளம்போல நொறுங்கும் நிலைக்கு வந்துவிடும்.

“கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றவே வேண்டாம், ஆயுளுக்கும் அதுதான்” என்ற பேச்சை ஷோரூம்களிலேயே கேட்டிருக்கிறேன். யாருடைய ஆயுள் என்று கேட்க வேண்டும். பிஎம்டபிள்யூ உள்ளிட்ட பல கார்களுக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் செய்துதரும் இசட்எஃப் நிறுவனமே, ஓட்டும் விதத்தைப் பொறுத்து 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கான டிஎஸ்ஜியில், ஆறு கியர் வகைக்கு அது 60,000 கிலோமீட்டர். அதன் ஏழு கியர் வகையில் உலர் கிளட்ச் கொண்டது ஒன்று உண்டு. அந்தக் கிளட்ச் ஆயிலில் மூழ்கியிருப்பதில்லை. நெரிசலில் பிரேக்கைப் பாதி விட்டு ஊர்ந்துகொண்டே இருந்தால் கிளட்ச் சூடேறித் தேய்கிறது. முன்னே இடம் விழும்வரை நின்றுவிட்டுப் பிறகு நகர்வது நல்லது. பழைய கார் வாங்குபவர்கள் எந்த வகை கியர்பாக்ஸ் என்று தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

என்ஜினின் வால்வுகளும் பிஸ்டன்களும் ஒன்றோடொன்று தாளம் தப்பாமல் இயங்க வைப்பது டைமிங் பெல்ட். அது அறுந்தால் பெரும்பாலான இந்த என்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளை மோதும். அதற்கு முன் சத்தமோ நடுக்கமோ வரும் என்று நம்பியிருக்க முடியாது. கையேடு சொல்லும் கெடு வந்ததும் மாற்றுங்கள். வாட்டர் பம்ப் அந்த பெல்ட்டிலேயே ஓடும் என்ஜினாக இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றினால் கூலி ஒருமுறையோடு போகும்.

டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் சின்ன ஸ்கேனரைச் செருகிக் கோளாறுப் பதிவை அழித்துவிடுவது இப்போது பரவிவரும் பழக்கம். விளக்கு அணைகிறது, கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அழிக்கும் முன் ஸ்கேனர் காட்டும் கோளாறுக் குறியீட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூ போன்ற கார்களில் புதிய பேட்டரி போட்டால் அதைக் கணினியில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய, தளர்ந்த பேட்டரி இருப்பதாகவே நினைத்து வண்டி மின்னேற்றும்.

எந்தச் சர்வீஸ் பட்டியலிலும் பலரும் கவனிக்காத ஒன்று மழைநீர் வடிகால். சன்ரூஃபின் நான்கு மூலைகளிலும் விரல் நுழையாத சின்னத் துளைகள் இருக்கும். அங்கிருந்து மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி வெளியே விடும். முன்கண்ணாடிக்குக் கீழேயும் வடிகால் உண்டு. வேப்பமரத்தடியில் நிறுத்தும் காரில் சித்திரையில் உதிரும் பூவும் சருகும் தூசியோடு சேர்ந்து அந்தத் துளைகளைக் களிமண்போல அடைத்துவிடும். ஐப்பசியில் கனமழை பெய்யும்போது தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே இறங்கி, கால்மிதியடியின் கீழே தேங்கும். பல கார்களில் மின்னணுப் பெட்டிகளும் வயர் இணைப்புகளும் அங்கேதான் இருக்கின்றன. புரட்டாசி முடிவதற்குள் ஒருநாள் அரை டம்ளர் தண்ணீரை மெதுவாக அந்தத் துளையில் ஊற்றிப் பாருங்கள். சக்கரத்தின் அருகே தரையில் சொட்டினால் வழி திறந்திருக்கிறது. சொட்டவில்லை என்றால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், உள்ளே குழாய் கழன்றுவிடும். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரா, வெளி மெக்கானிக்கா என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். வாரண்டி இருக்கும்வரை கம்பெனியிலேயே விடுங்கள். அதன்பின் அந்தப் பிராண்டுக்கான கணினிக் கருவி வைத்திருக்கும் வெளி மெக்கானிக் கிடைத்தால் தாராளமாகப் போகலாம். எங்கே விட்டாலும் பில்லில் வெறுமனே “ஆயில் சர்வீஸ்” என்று எழுத விடாதீர்கள். ஆயிலின் தரக்குறியீடு, ஃபில்டரின் பாக எண், பிரேக் ஆயில் மாற்றிய தேதி மூன்றும் அதில் இருக்க வேண்டும். எழுத மறுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு வேறு இடம் பாருங்கள்.