பள்ளி நூலகத்தில் பழைய புத்தகங்கள்: எங்கே தவறுகிறோம்?

பள்ளி பீரோவில் பழைய முதலுதவி நூல் ஏதாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பிளேடால் கீறி, விஷத்தை உறிஞ்சித் துப்பச் சொல்லும். இன்று மருத்துவர்கள் இந்த மூன்றையும் கூடாது என்கிறார்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டு போக வேண்டும். அந்தப் பழைய பக்கத்தைப் படித்த ஏழாம் வகுப்புப் பிள்ளை, வரப்பில் தம்பியைப் பாம்பு கடித்த நாளில் அதையே செய்துவிட்டால்? பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் இருப்பதெல்லாம் உண்மை என்று நம்புகிற வயது அது.

அதனால், "பழசா இருந்தா என்ன, அறிவுதானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடுவதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். மருத்துவம், சட்டம், புவியியல், கணினி, தேர்வு கைடு ஆகியவற்றை எடுத்ததும் அச்சான ஆண்டைப் பாருங்கள். 2006க்கு முந்தைய வானியல் நூலில் புளூட்டோ ஒன்பதாவது கோளாக இருக்கும். 2014க்கு முந்தைய வரைபடத்தில் தெலங்கானா இருக்காது. 2018இல் அச்சான பொது அறிவு நூல் தமிழ்நாட்டுக்கு 32 மாவட்டங்கள் என்னும், இப்போது 38.

ஆனால் ஆண்டை மட்டும் பார்த்து எல்லாவற்றையும் கட்டிப் பழைய பேப்பருக்குப் போடுவது இதைவிடப் பெரிய தவறு. கதைக்கும் பாட்டுக்கும் காலாவதித் தேதி கிடையாது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் லை, னை எல்லாம் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்போடு இருக்கும். மூன்றாம் வகுப்புக் குழந்தை அதில் தடுக்கி விழும், சரி. பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அதுவே ஒரு புதையல். பழைய எழுத்துகளையும் இன்றைய வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி உள்அட்டையில் ஒட்டிவிட்டால் போதும், படித்துவிடுவார்கள். ஊர் வரலாறு, பழைய ஆண்டு மலர், சிறுபத்திரிகை கிடைத்தால் தூக்கிப் போடுமுன், பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாதுகாக்கும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் நன்கொடை. வீடு காலி செய்கிறவர்கள், அப்பாவின் புத்தகங்களை என்ன செய்வதென்று தெரியாதவர்கள் நல்ல மனதோடுதான் பெட்டி பெட்டியாகக் கொண்டு வருகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழாது. வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்: "பிள்ளைகளுக்குப் பொருந்துவதை வைத்துக்கொள்வோம், மற்றதை வேறிடத்துக்குக் கொடுப்போம்." அந்த ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டு, பிறகு நீங்கள் கழித்த புத்தகத்தை நடைபாதைக் கடையில் தன் அப்பாவின் கையெழுத்தோடு கொடுத்தவரே பார்க்க நேர்ந்தால், அந்த வலிக்குச் சமாதானமே கிடையாது. இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவோமா என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கேளுங்கள். இல்லை என்றால் இலவசமாகவும் வேண்டாம்.

பலர் கவனிக்காத இடம் பதிவேடு. பெட்டியைப் பிரித்த அன்றே எல்லாவற்றுக்கும் எண் போட்டுவிடுகிறோம். எண் விழுந்துவிட்டால் அது பள்ளியின் சொத்து. நீக்க வேண்டுமானால் தலைமையாசிரியர் ஒப்புதல், கழிவுப் பட்டியல், தணிக்கை என்று வேலை நீளும். பொறுப்பாசிரியர் பயந்துபோய் பீரோவைப் பூட்டிவிடுகிறார். நம் பள்ளிகளில் பூட்டிய பீரோக்கள் இத்தனை இருப்பதற்கு இந்தப் பயம் ஒரு பெரிய காரணம். ஆகவே முதலில் தேர்வு, அப்புறம் எண்.

வந்த பெட்டியை நேராக அலமாரி அருகே வைக்காதீர்கள். கரையானும் ராமபாணப் பூச்சியும் அதில் ஏறி வந்துவிடும். சில நாள் தனியாக வைத்து, காற்றாட விரித்து, தூரிகையால் தட்டி, பூசண வாடை அடிப்பதை ஒதுக்குங்கள்.

கழித்ததை "பாவம், அவங்களுக்கு உதவும்" என்று பக்கத்துக் கிராமப் பள்ளிக்கு அனுப்புவதும் வேண்டாம். நம் பிள்ளைக்குத் தவறான பாடம் அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சரியாகும்? உரிய ஒப்புதலுக்குப் பிறகு முத்திரைமேல் 'நீக்கப்பட்டது' என்று குறித்து, பதிவேட்டிலும் தேதியோடு எழுதி, பழைய பேப்பருக்கே போடுங்கள். காலியான தட்டை உடனே நிரப்ப வேண்டியதில்லை. மிச்சமிருக்கும் புத்தகங்களை அட்டைப்படம் தெரியும்படி அங்கே நிறுத்துங்கள், குட்டிப் பிள்ளைகள் கை நீட்டி எடுக்கிற உயரத்தில்.