பழைய காரில் ஹீட்டர் சூடு தரவில்லையா? எதையும் வாங்கும் முன் இரண்டு ஹோஸ்களைத் தொட்டுப் பாருங்கள்

என் பழைய காரில் ஹீட்டர் நின்றுபோனபோது முதலில் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஓட்டினேன். பிறகு ஒரு மழை இரவில் முன்கண்ணாடியின் உட்புறம் முழுக்க ஆவி படிந்தது. துடைக்கத் துடைக்கப் படிந்துகொண்டே இருந்தது. எதிரே வருவது தெரியாமல் வண்டியை ஓரங்கட்டினேன். ஹீட்டர் குளிருக்கு மட்டுமல்ல, பார்வைக்கும் தேவை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. கோளாறைக் கண்டுபிடிக்க மூன்று வார இறுதிகள் ஆயின. அதில் இரண்டு வீண். அந்த இரண்டையும் நீங்கள் மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது தண்ணீரால் குளிரும் இன்ஜினும், கேபிளால் இயங்கும் ஹீட்டரும் உள்ள வண்டிகளுக்கானது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் அங்கே சூடானதும், அதில் ஒரு பங்கு இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் போய்த் திரும்புகிறது. அங்கே அது பாய்வது ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குள். புளோயர் என்ற காற்றாடி அதன் ஊடே காற்றைத் தள்ளுகிறது. அவ்வளவுதான் ஹீட்டர். ஆகவே முதல் கேள்வி: காற்றே வரவில்லையா, காற்று வந்தும் சூடு இல்லையா?

காற்றே வரவில்லை என்றால்

இது மின்சாரக் கோளாறு, சுருக்கமாகவே முடிந்துவிடும். ஃபியூஸைக் கழற்றிப் பாருங்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தாலும் அது உட்காரும் கவ்வி பச்சை பூத்திருந்தால் மின்சாரம் போகாது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். அதிக வேகத்தில் மட்டும் புளோயர் சுற்றி, மற்ற வேகங்களில் சுற்றவில்லை என்றால், வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் போய்விட்டது. அதிக வேகத்தில் மின்சாரம் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போவதுதான் காரணம்.

எந்த வேகத்திலும் சுற்றவில்லையா? ஃபியூஸ் வைத்த ஒரு ஒயரால் பேட்டரியிலிருந்து மோட்டாருக்கு நேராக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். எர்த்தையும் பேட்டரியிலிருந்தே எடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. கோளாறு சுவிட்ச், ஒயர், எர்த் இவற்றில் ஒன்றில் இருக்கிறது.

இந்த வேலைக்கு மல்டிமீட்டரைவிட பல்பு வைத்த டெஸ்ட் லைட்டே எனக்குப் பிடித்தது. துருப்பிடித்த இணைப்பிலும் மல்டிமீட்டர் 12 வோல்ட் என்று காட்டிவிடும், ஏனென்றால் அது இழுக்கும் மின்சாரம் மிகமிகக் குறைவு. பல்பு கொஞ்சமாவது இழுக்கும். இணைப்பு மோசமாக இருந்தால் மங்கி எரிந்து காட்டிக்கொடுக்கும்.

காற்று வருகிறது, சூடு இல்லை

முதலில் கூலண்ட் அளவு. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை மட்டும் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். மூடியின் ரப்பர் கெட்டிருந்தால் டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த நொடியில் கொதித்துப் பீய்ச்சி அடிக்கும். பல வண்டிகளில் ஹீட்டர் கோர் உயரமான இடத்தில் இருப்பதால், கூலண்ட் குறைந்தால் முதலில் காய்வது அதுதான்.

அளவு சரியா? சரி, இப்போது என்னைச் சறுக்கவிட்ட இடத்துக்கு வருவோம்.

இரண்டு ஹோஸ்கள்

இன்ஜினைக் கிளப்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, வெப்பமானியின் முள் வழக்கமான இடத்துக்கு வரும்வரை ஓடவிடுங்கள். முள் ஏறவே இல்லை என்றால் கீழே தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வ்) பகுதிக்குப் போங்கள். முள் வந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டு, இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டுக்குள் நுழையும் இரண்டு ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். நிறுத்திய பிறகும் சில வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கும், அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள். ஹோஸ் சுடலாம் என்பதால் விரல் நுனியால் தொட்டு உடனே எடுங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது. அதைக் கருப்பு ரப்பர் மேல் காட்டுங்கள். பளபளக்கும் உலோகத்தின் மேல் காட்டினால் தப்பாகக் காட்டும்.

இரண்டும் நன்றாகச் சுட்டால் கோருக்குள் சூடு போய்வருகிறது. கோளாறு காற்றின் பக்கம். டேஷ்போர்டுக்குள் சூடான காற்றையும் குளிர்ந்த காற்றையும் கலக்கும் மடல் ஒன்று உண்டு. அதன் கேபிள் கழன்றிருக்கும், அல்லது மடல் உடைந்திருக்கும்.

ஒன்று சுட்டு இன்னொன்று சில்லென்று இருந்தால், கோர் வழியாகக் கூலண்ட் ஓடவில்லை. எனக்கு அப்படித்தான் இருந்தது. கோர் அடைத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டினேன். ஒரு நாள் முழுக்கச் செலவழித்துக் கோரைக் கழுவினேன். கொஞ்சம் பழுப்புத் தண்ணீர் வந்தது, மகிழ்ந்தேன். பூட்டிப் பார்த்தால் அதே குளிர். அதற்கு முந்தைய வாரம் தெர்மோஸ்டாட்டையும் மாற்றியிருந்தேன்.

அந்த அறிகுறிக்கு அடைப்பு மட்டும் காரணமல்ல. கோருக்குள் கூலண்ட்டை விடவும் நிறுத்தவும் செய்யும் ஹீட்டர் வால்வ் மூடியே இருந்தாலும், கோரில் காற்று சிக்கியிருந்தாலும் அப்படியே இருக்கும். வால்வ் பெரும்பாலும் கோருக்குப் போகும் ஹோஸின் நடுவில் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் தொட்டுப் பாருங்கள். முன்னால் சூடு, பின்னால் குளிர் என்றால் வால்வ் திறக்கவில்லை.

என் வால்வைப் பார்க்கத்தான் செய்தேன். நண்பரை உள்ளே உட்காரவைத்து ஹீட்டர் நெம்புகோலை நகர்த்தச் சொன்னேன். கேபிள் அசைந்தது. அசைகிறதே, அப்போது வால்வ் நல்லது என்று விட்டுவிட்டேன். மூன்றாவது வார இறுதியில் டார்ச் அடித்து முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கேபிளின் கருப்பு உறையைப் பிடித்துவைக்கும் சிறு தகட்டுக் கிளிப் கழன்று கிடந்தது. உள்கம்பியோடு உறையும் சேர்ந்தே முன்னும் பின்னும் போனது. வால்வின் கை மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. உறை நகராமல் நின்றால்தான் உள்கம்பி வால்வை இழுக்கும். கிளிப்பை அதன் பள்ளத்தில் அழுத்தினேன், 'டிக்' என்று உட்கார்ந்தது. பத்து நிமிடத்தில் முன்கண்ணாடிக்குச் சூடான காற்று வந்தது.

ஆகவே கேபிளைப் பார்க்காதீர்கள், வால்வின் கை சுற்றுகிறதா என்று பாருங்கள். அது அசையவில்லை என்றால் கேபிளைக் கழற்றிவிட்டுக் கையால் மெதுவாகத் திருப்புங்கள். இறுகிப்போயிருந்தால் வலுக்கட்டாயம் வேண்டாம். பழைய பிளாஸ்டிக் வால்வ் உடைந்து கூலண்ட் கொட்டிவிடும்.

காற்றை வெளியேற்றுவது

வால்வ் நல்லது என்றால் அடுத்த சந்தேகம் சிக்கிய காற்று. சமீபத்தில் கூலண்ட் மாற்றியிருந்தால் இதுதான் முதல் சந்தேகம். ஆறிய இன்ஜினில் வண்டியின் முன்பக்கத்தை மேட்டில் ஏற்றி, கைபிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். மூடியைத் திறந்து வைத்தபடியே, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து இன்ஜினை ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் குமிழிகள் வரும், அளவு இறங்கும். இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்றதும் மூடிவிடலாம். காற்று நீக்கும் திருகு இருக்கும் வண்டிகளில் அதையும் தளர்த்தி, சீராகக் கூலண்ட் வரும்வரை விட்டு இறுக்குங்கள். குமிழி நிற்கவே இல்லை, வெள்ளைப் புகையும் வருகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகிக்க வேண்டும். அதோடு ஓட்டாதீர்கள்.

தெர்மோஸ்டாட்

வெப்பமானி முள் ஏறவே இல்லை, ஹோஸ்கள் இரண்டும் வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால் தெர்மோஸ்டாட் திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கலாம். இன்ஜின் ஆறியிருக்கும்போது கிளப்பி ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுக்கொண்டிருங்கள். தெர்மோஸ்டாட் நல்லதானால் ஹோஸ் சில நிமிடம் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சூடாகும். முதலிலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் அது மூடவில்லை. கழற்றிய பிறகு ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடாக்கிப் பார்க்கலாம். 82, 88 என்று அதன் மேலே பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். பூட்டும்போது ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்கட்டும்.

கோரைக் கழுவுவது

இதைக் கடைசியாக வையுங்கள். பழைய ஹோஸ்களைத் திருகி இழுக்காதீர்கள். கோரின் குழாய்கள் மெல்லியவை, முறிந்தால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிவரும். ஹோஸின் நுனியை நீளவாக்கில் கத்தியால் கீறி உரித்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். தண்ணீரைக் கூலண்ட் திரும்பிவரும் குழாயில் மெதுவாக விட வேண்டும், எதிர்த்திசையில் போனால்தான் கசடு பெயரும். உயர் அழுத்தப் பம்பு வேண்டவே வேண்டாம். கூலண்ட்டைச் சிந்தவிடாமல் பிடித்து மூடிவையுங்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் என்ற பொருள் இனிக்கும், ஆனால் விஷம். நாயோ குழந்தையோ நக்கிவிடக் கூடாது.

ஹோஸைக் குழாயில் இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் விஷயத்தில் எனக்குத் தெளிவான கருத்து உண்டு. திருகு கிளாம்பைவிட ஸ்பிரிங் கிளாம்ப் நல்லது. ரப்பர் அமுங்க அமுங்க அது தானே இறுக்கும், மெல்லிய குழாயை நசுக்காது. ஒழுக்கை அடைக்கும் பொடி, திரவம் எதையும் ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். ஓட்டையை அடைக்கும் அதே பொருள் கோரின் நுண்குழாய்களையும் அடைக்கும்.

பிறகு சேர்த்தவை

வண்டி ஓடும்போது சூடு, சிக்னலில் நின்றால் குளிர் என்று ஒருவர் எழுதியிருந்தார். கூலண்ட் குறைவு அல்லது சிக்கிய காற்று. இரண்டும் இல்லை என்றால் வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம்.

இன்னொருவரின் வண்டியில் கால்மிதிக்கு அடியில் ஈரம், கண்ணாடியில் எண்ணெய்ப்பசை போலப் படலம், இனிப்பு வாசனை. அது கோர் ஒழுகுவது. புதுக் கோர் கிடைக்கும்வரை இரண்டு ஹோஸ்களையும் கோரிலிருந்து கழற்றி, இடையில் ஒரு குழாய்த்துண்டு போட்டு இணைத்துவிட்டால் வண்டி ஓடும், ஹீட்டர் இருக்காது.

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் வைத்திருப்பவர்களும் கேட்டார்கள். அதன் இன்ஜின் காற்றால் குளிர்வது, கூலண்ட்டே கிடையாது. புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறைக்குள் சூடாகும் காற்றுதான் உள்ளே வருகிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது மடல்களை இழுக்கும் கேபிள்களை. அந்த உறைக்குள் இருக்கும் புகைக்குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் கார்பன் மோனாக்சைடு கேபினுக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது. சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டாதீர்கள்.