கரண்ட் வைத்தால் மட்டும் போதுமா? பிசியோதெரபியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிசியோதெரபிக்கு முதல்முறை வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "எத்தனை நாள் கரண்ட் வைக்கணும்?" பதினைந்து ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். முழங்கால் வலி, தோள்பட்டை இறுக்கம், பக்கவாதம் என்று நோய் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. முதல் தவறு அந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது.

டென்ஸ், ஐஎஃப்டி என்ற கரண்ட் வைக்கும் மெஷின்கள், மெழுகு ஒத்தடம் போன்றவை வலியைக் கொஞ்ச நேரம் அடக்கித் தரும். அந்த நேரத்தில் பயிற்சி செய்ய உடம்பு ஒத்துழைக்கும். அவ்வளவுதான் அவற்றின் வேலை. மெலிந்துபோன தசைக்கு வலு ஏற்றுவதும், இறுகிய மூட்டை இளக்குவதும், தடுமாறுகிற நடையைச் சீராக்குவதும் பயிற்சிதான். பத்து நாள் வந்து மெஷினை மாட்டிக்கொண்டு படுத்துவிட்டு, சொல்லித்தந்த பயிற்சியை வீட்டில் ஒரு நாள்கூடச் செய்யாமல், "பிசியோதெரபி எனக்குக் கேட்கலை" என்று சொல்கிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. எங்கள் தரப்பிலும் தவறு உண்டு. கூட்டம் அதிகமான இடங்களில் மெஷினை மாட்டிவிட்டு அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறோம். அப்படி நடந்தால் தயங்காமல் கேளுங்கள்: "வீட்டில் நான் என்ன செய்யணும்? எத்தனை தடவை? ஒருமுறை செய்து காட்டுங்க."

தவறுகளால் அதிகம் பாதிக்கப்படுவது பக்கவாதம் வந்தவர்கள்தான். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாய் கோணுகிறது, கை விழுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் அந்த நிமிடமே சிடி ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடைப்பினால் வந்த பக்கவாதம் என்றால், நாலரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பயன்படும். புறா ரத்தம் தடவுவதிலும், எண்ணெய் போட்டு உருவிவிடுவதிலும் அந்த நேரத்தைத் தொலைத்துவிட்டு வருகிற குடும்பங்களை இன்றைக்கும் பார்க்கிறேன். தொலைத்த நேரத்தை எந்தப் பயிற்சியாலும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அடுத்தது, வீட்டுக்கு வந்தபின் பாசத்தோடு செய்யும் தவறு. படுக்கையிலிருந்து எழுப்ப, விழுந்துபோன கையைப் பிடித்து இழுப்பார்கள். தோள்மூட்டின் கிண்ணம் ஆழமில்லாதது. அதைச் சுற்றியுள்ள தசைகள்தான் மூட்டை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கின்றன. அந்தத் தசைகள் செயலிழந்திருக்கும்போது கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கிவிடும். அதையும் பிடித்து இழுத்தால் மூட்டு நழுவி, மாதக்கணக்கில் நீங்காத தோள்வலி வந்து சேரும். அந்த வலிக்குப் பயந்தே அவர் பயிற்சி செய்ய மறுப்பார். கையை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். இடுப்பில் ஒரு துண்டையோ அகலமான பெல்ட்டையோ கட்டிக்கொண்டால் பிடிக்க வசதியாக இருக்கும். உட்காரும்போது அந்தக் கை தொங்கக் கூடாது. தலையணை மேல் வைத்துத் தாங்க வேண்டும்.

கதவில் கப்பி மாட்டிக் கயிற்றை இழுக்கும் பயிற்சி இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. பக்கவாதத்தில் பலவீனமான தோளுக்கு அது வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களே சொல்கின்றன. ரப்பர் பந்தைப் பிசைவதும் இப்படித்தான். விரல்கள் இறுக ஆரம்பித்த கையில் மூடுவதைவிடத் திறப்பதுதான் பெரும்பாடு. நாள் முழுக்கப் பந்தைப் பிசைந்தால் மூடுகிற தசைக்கே வேலை கொடுக்கிறோம். அந்தக் கைக்குப் பந்து ஏற்றதா என்று பரிசோதித்தவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்னேற்றம் வேகமாகத் தெரிவது முதல் மூன்று மாதங்களில். "உடம்பு கொஞ்சம் தேறட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அந்த மாதங்களைப் படுக்கையில் கழித்துவிடாதீர்கள். ஆறு மாதம் கடந்துவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்று கைவிடுவதும் சரியல்ல. வேகம் குறையுமே தவிர, கதவு சாத்தப்படுவதில்லை. ஒரு வருடம் கழித்துத் தன் கையால் சட்டைப் பித்தான் போட்ட ஒரு பெரியவரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

முழங்கால் தேய்மானத்துக்கு வருவோம். "தேஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க, நடந்தா இன்னும் தேயும்ல?" என்று பயந்து நடையை நிறுத்திவிடுகிறார்கள். நடக்காமல் இருந்தால் தொடையின் முன்பக்கத் தசை மெலியும், மூட்டுக்குத் தாங்கல் போய்விடும், எடையும் கூடும். ஒரு கிலோ எடை குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் இறங்கும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது. பயிற்சியின்போது லேசாக வலித்தால் பயப்பட வேண்டாம். மறுநாளும் அந்த வலி கூடியே இருந்தால், பயிற்சியின் அளவைக் குறைத்துக்கொண்டால் போதும். மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் வேறொன்றில் கவனமாக இருக்க வேண்டும். இதமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கக் கூடாது. மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகி, காலை முழுதாக நீட்ட முடியாமல் போய்விடும். சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள்.

தோள்பட்டை இறுக்கம் சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வருகிறது. வலி உச்சத்தில் இருக்கும் ஆரம்பக் கட்டத்தில் யாராவது கையை முறுக்கி "ஒரே இழுப்பில்" சரிசெய்வதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த இறுக்கம் விலக மாதங்கள் ஆகும், சிலருக்கு ஒன்றிரண்டு வருடம்கூட ஆகும். சர்க்கரையால் பாதம் மரத்துப் போனவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஹாட் பேக், வெந்நீர் ஒத்தடம் எதுவும் அந்த இடத்தில் வேண்டாம். சூடு தெரியாமல் கொப்புளித்துப் புண்ணாகிவிடும். மெஷின் மாட்டுவதற்கு முன்பே மரத்திருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

இடுப்பு வலிக்கு வாரக்கணக்கில் படுத்தே இருப்பதும், மாதக்கணக்கில் பெல்ட்டைக் கழற்றாமல் இருப்பதும் முதுகைப் பலவீனமாக்கும். வலி தாங்கும் அளவுக்கு நடமாடுங்கள். ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தன்னையறியாமல் வெளியேறினாலோ, மலம் கழிக்கும் இடம் மரத்துப் போனாலோ பயிற்சிக்கு வராமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்துபோகும் முகவாதத்திலும் முதலில் பார்க்க வேண்டியது டாக்டரைத்தான். ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன் தரும். மூடாத கண் காய்ந்து கருவிழி புண்ணாகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிவதைப் பிரசவத்தோடு வந்தது என்று பெண்கள் வெளியில் சொல்லாமல் சகித்துக்கொள்வது என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. இதற்கு, சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சி இருக்கிறது. முறையாகக் கற்று, குறைந்தது மூன்று மாதம் தினமும் செய்ய வேண்டும். பத்து நாளில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடக் கூடாது.

ஆட்டோ கட்டணம், கூட்டிவர ஆளில்லாமை என்று பாதியில் நிற்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிப்பதும் அடங்கும். படுக்கையில் இருப்பவருக்காக டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். வீட்டுக்கு வருகிறவர் பயிற்சி சொல்லித்தரும்போது, தினமும் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போகிறவரும் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளட்டும்.