நிக்கோட்டின் சூயிங்கம்: புகைப்பழக்கத்தை விட விரும்புவோர் மெல்ல வேண்டிய முறை

புகைப்பவரைப் பிடித்து வைத்திருப்பது நிக்கோட்டின்தான் என்றாலும், புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கும் பெரிதும் காரணமாவது, புகையிலை எரியும்போது உண்டாகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் பிற நச்சுகளுமே ஆகும். பீடிக்கும் இது பொருந்தும். ஆகவே புகையை அடியோடு நிறுத்தி, நிக்கோட்டினை மட்டும் அளவாகக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பதே நிக்கோட்டின் சூயிங்கச் சிகிச்சையின் அடிப்படை.

மருந்துக்கடையில் வாங்கிய சூயிங்கத்தைப் பலரும் மிட்டாய்போல் விடாமல் மென்றுவிட்டு, விக்கலும் குமட்டலும் வந்ததும் ‘இது நமக்கு ஒத்துவராது’ என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் நிக்கோட்டின் வாயின் உட்புறத் தோல் வழியாகவே இரத்தத்தில் கலக்க வேண்டும். எச்சிலோடு விழுங்கப்படுவது வயிற்றைத்தான் புரட்டும். நாக்கில் சுருக்கென்று காரம் தட்டும்வரை மெதுவாக மென்று, உடனே கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியபின் மீண்டும் சில முறை மென்று வேறொரு பக்கம் ஒதுக்க வேண்டும். இப்படி அரை மணி நேரம் செய்யலாம். மெல்லும்போதும் அதற்குக் கால் மணி நேரம் முன்பும் தேநீர், காபி, குளிர்பானம், பழச்சாறு எதுவும் கூடாது, ஏனெனில் வாயில் அமிலத்தன்மை இருந்தால் மருந்து உட்செல்லாது. டீக்கடையிலேயே பழக்கம் தொற்றிக்கொண்டவர்களுக்கு இதுவே கடினமான விதி.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைப் பற்றவைப்பவருக்கு 4 மில்லிகிராமும், மற்றவர்களுக்கு 2 மில்லிகிராமும் ஏற்றவை. முதல் 6 வாரங்கள் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக மென்று, பிறகு இடைவெளியைக் கூட்டி 12 வாரங்களில் நிறுத்துவது வழக்கம். புகையை நிறுத்தியதால் வரும் மன எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் சில நாட்களில் உச்சத்தில் இருக்கும் என்பதால், அப்போது மருந்தைக் குறைத்துச் சிக்கனம் பார்ப்பது வீண். கர்ப்பிணிகளும் அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

சூயிங்கம் மட்டும் போதாதவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டையையும் சேர்த்துத் தருவதுண்டு. புகைக்கும் ஆவலைத் தணிக்கும் வரெனிக்ளின் என்ற மாத்திரையை மருத்துவர் சீட்டின்படி, புகையை நிறுத்தும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டும். மின்சிகரெட் இந்தியாவில் 2019 முதல் தடைசெய்யப்பட்டுள்ளதால் அதை ஒரு வழியாகக் கருத வேண்டாம். ஆலோசனைக்கு 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண் இருக்கிறது. அதைத் தேடி அலைய வேண்டியதில்லை, சிகரெட் பாக்கெட்டின் எச்சரிக்கைப் படத்தோடு அச்சாகியிருக்கிறது.